வெல்டா போட்ட தேதி

வியாழக்கிழமை காலையில் காபி இயந்திரத்தைக் கழுவுவது வெல்டா ஸ்ட்ரிக்லினின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைத்த வேலை அல்ல. வரவேற்பு மேசையில் இருக்கும் இர்மாவுக்கு வினிகர் நாற்றம் ஆகாது. வக்கீல் ஹோலிஸ் டீக்குக்குக் காபி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. ஆகவே பத்தொன்பது வருடமாக வெல்டாதான் மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, வினிகரும் வெந்நீரும் ஊற்றி, கண்ணாடிக் குடுவையின் அடியில் படிந்த கறுப்பைத் தேய்த்து எடுக்கிறாள்.

அன்றைக்கு ஊரோரத்து ராணுவக் கோட்டைப் பக்கம் பீரங்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஜன்னல் கண்ணாடி லேசாக உதறியது. லாட்டன் ஊரில் இதை யாரும் சத்தமாகவே நினைப்பதில்லை. புதிதாக வந்தவர்கள்தான் முதல் வாரம் திடுக்கிடுவார்கள். வெல்டா இருபத்திரண்டு வயதில் ஒரு பீரங்கிப்படைச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். இப்போது வயது ஐம்பத்தைந்து. குண்டு வெடிக்காத நாளில்தான் அவளுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

வாசல் கதவின் மணி அடித்தது. இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஓர் அட்டை உறையுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"டீக் வக்கீல் ஆபீஸ் இதுதானே?"

"இதேதான். என்ன வேணும் கண்ணு?" என்றாள் இர்மா.

"என் காசு வேணும்."

இர்மா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"முந்தாநாள் கடையில டயபரும் பாலும் எடுத்துட்டு கார்டைத் தேய்க்கிறேன். போகல. பின்னாடி ஏழு பேர் நிக்கிறாங்க. எல்லாத்தையும் திருப்பி வச்சிட்டு வந்தேன். பேங்க்ல கேட்டா கோர்ட் உத்தரவு, கணக்கை முடக்கியாச்சுங்கறான். யார் கேட்டு முடக்கினதுன்னா உங்க பேரைச் சொல்றான். என் பேர் டெஸ்ஸா வார்டன். வீட்டுக்காரர் கோல்பி வார்டன். அவர் இங்க இல்ல. மார்ச் மூணாம் தேதி கிளம்பினவர், இப்ப குவைத்துல இருக்கார்."

"குவைத்துல என்ன, எண்ணெய்க் கம்பெனியா?"

"ஒட்டகம் மேய்க்கிறார்" என்றாள் டெஸ்ஸா. "தேசியக் காவல் படை மேடம். மாசத்துல ரெண்டு நாள் சீருடை, மிச்ச நாளெல்லாம் டயர் ஆலைன்னு இருந்தவரை ஒரே வாரத்துல கூட்டிட்டுப் போயிட்டாங்க. கட்டிலும் துவைக்கிற மெஷினும் தவணையில வாங்கினது உண்மை. தவணை நின்னு போனதும் உண்மை. உங்க நோட்டீஸ் பிப்ரவரியில வந்தப்போ ஃப்ரிட்ஜ் மேல வச்சார். அப்புறம் பட்டாளத்துலேருந்து அந்த உத்தரவு வந்துச்சா, ஃப்ரிட்ஜ் மேல என்ன இருக்குன்னு யார் பாத்தா?"

உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதை நேற்றே கோர்ட்டில் போய் நகலெடுத்திருக்கிறாள். விரலை வைத்துப் படித்தாள்.

"'பிரதிவாதி ராணுவப் பணியில் இல்லை என்பதை இன்றைய தேதியில் நான் நேரில் சரிபார்த்தேன்.' சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மார்ச் இருபத்தெட்டு. வெல்டா ஸ்ட்ரிக்லின். யார் இந்த அம்மா? நான் அவங்களைப் பாக்கணும்."

இர்மாவின் தலை மெல்லக் காபி இயந்திரம் இருக்கும் மூலைப் பக்கம் திரும்பியது. வெல்டா குடுவையும் கையுறையுமாக நின்றாள். வினிகர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"அவங்க வெளியில போயிருக்காங்க" என்றாள் வெல்டா.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

டெஸ்ஸா அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தாளின் பின்பக்கம் தன் தொலைபேசி எண்ணை எழுதி, கணவனின் படை உத்தரவு நகலையும் சேர்த்து மேசையில் வைத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"வெளியில இவ்வளவு பெரிய தேசியக் கொடி கட்டியிருக்கீங்க. அதுல பாதியை வித்தாக்கூட என் பையனுக்கு ஒரு மாசம் டயபர் வாங்கலாம்."

மணி அடித்துக் கதவு மூடியது. இர்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "வெளியில போன அம்மா எப்பத் திரும்பி வருவாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள்.

"சும்மா இரு இர்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தத் தாள்ல நோட்டரி முத்திரை யாருதுன்னு பாத்தியா? என்னுது. அதான் கேக்கறேன்."

வெல்டா கையுறையைக் கழற்றினாள்.  இத்தனை வருடத்தில் முதல் முறையாக அடுத்த குண்டுக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

அந்த அலுவலகத்தில் அவள் வேலை இதுதான். கடன் பாக்கிக்காகக் கடைக்காரர்களும் வங்கிகளும் தொடுக்கிற வழக்குகளை டீக் நடத்துகிறார். நோட்டீஸ் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கோர்ட்டுப் பக்கமே வர மாட்டார்கள். அவர்கள் வராமலே தீர்ப்புக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன்னால், வராத ஆள் ராணுவத்தில் இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்து தர வேண்டும். பாலைவனத்தில் நிற்பவன் முதுகுக்குப் பின்னால் அவன் வீட்டில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். அதற்காகப் பாதுகாப்புத் துறை ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், எந்த நாளின் நிலவரம் வேண்டுமோ அந்த நாள், இவற்றை அடித்தால் சான்று வரும். இல்லை என்று வந்தால் தீர்ப்புக் கேட்கலாம், தீர்ப்பைக் காட்டி வங்கிக் கணக்கையும் முடக்கலாம். ஆமாம் என்று வந்தால் கோர்ட் அந்த ஆளுக்கு ஒரு வக்கீலை வைத்துத்தான் வழக்கைத் தொட வேண்டும்.

வழக்குப் போடும் அன்று ஒரு தடவை, தீர்ப்புக் கேட்கும் அன்று ஒரு தடவை என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். வெல்டா அப்படித்தான் பார்த்துவந்தாள். மார்ச் இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை. முப்பத்தொரு கோப்புகள் மூன்று மணிக்குள் நீதிபதி மேசைக்குப் போக வேண்டும். இணையதளம் அடிக்கடி உறைந்து நின்றது. இருபத்திரண்டு முடித்திருந்தாள். மணி இரண்டே கால். மீதி ஒன்பதுக்குப் பிப்ரவரிச் சான்றையே எடுத்துப் பின்னால் குத்தினாள். பிரமாணப் பத்திரத்தில் மட்டும் அன்றைய தேதியைப் போட்டாள். இர்மா பேசிக்கொண்டே முத்திரை குத்தினாள். பிப்ரவரியில் பட்டாளத்தில் இல்லாதவன் ஆறு வாரத்துக்குள் எங்கே போய்ச் சேரப்போகிறான் என்று வெல்டா நினைத்துக்கொண்டது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவும் லாட்டன் மாதிரிப் பட்டாளத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தாள்.

கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி உண்டு. தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தால் ஓராண்டு வரை சிறை. அந்த வரியை ஒவ்வொரு முறையும் அடிக்கச் சோம்பல்பட்டு, ஒரே பொத்தானில் வரும்படி கணினியில் வைத்திருந்தாள்.

இர்மா சாப்பிடப் போனதும் கோல்பி வார்டனின் கோப்பை எடுத்தாள். விவரங்களை அடித்தாள். தேதிக் கட்டத்தில் மார்ச் இருபத்தெட்டு. திரையில் சக்கரம் சுற்றியது. அன்றைக்கு இவ்வளவு வேகமாக வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நாலே நொடி. 'ஆம்' என்று வந்தது. பணியில் சேர்ந்த நாள், மார்ச் மூன்று.

அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது. சூடாக இருந்தது. அதை மடித்துக் கைப்பையில், மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். திருடியதை ஒளிக்கிறவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மற்ற எட்டுப் பேர் இருந்தார்கள்.

அவர்களையும் அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விரல் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துவதும் பிறகு ஒரு கண்ணால் திரையைப் பார்ப்பதுமாக ஒவ்வொன்றாக அடித்தாள். முதல் ஆள் இல்லை. இரண்டாவது இல்லை. நான்காவது ஒரு பெண், பத்தொன்பது வயது, அந்த வயதில்தான் பட்டாளத்தில் சேருவார்கள். இல்லை. ஏழாவது ஆளுக்குச் சக்கரம் ஒரு நிமிடம் சுற்றியது. அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குக் கழுத்துப் பட்டை வரை வியர்த்துவிட்டது. இல்லை. எட்டும் இல்லை என்றே வந்தன, எட்டையும் அச்செடுத்துப் பையில் வைத்தாள். பெருமூச்சு விட்டாள். விட்ட உடனே அதற்காக வெட்கப்பட்டாள். எட்டுப் பேர் பட்டாளத்தில் இல்லாமல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். அவள் செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டீக் மூன்று மணிக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது, பெரிய உடம்பு, கறைபட்ட டை. நல்ல மனிதர். வெல்டாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்தபோது இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தவர். அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.  டீக் சான்றை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இர்மாவுக்குப் பாதி தெரியும் சார்."

"இர்மாவுக்குப் பாதி தெரிஞ்சா ஊருக்கு முழுசாத் தெரியும்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சரி, உக்காரு. நீ ஏன் கொலை பண்ணினவ மாதிரி நிக்கிறே? தீர்ப்பை ரத்துப் பண்ணச் சொல்லி நாமே மனுப் போடுவோம். அந்தப் பொண்ணு காசு திரும்பிடும். நீ ஒண்ணே ஒண்ணுல கையெழுத்துப் போடணும். இருபத்தெட்டாம் தேதி நீ பாத்தே, இல்லைன்னுதான் வந்துச்சு, அந்தச் சான்று எங்கேயோ தவறிப் போச்சு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தப்புப் பண்றதே இல்லையா?"

"நான் பாக்கலையே சார்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

"அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருந்தா? யாரு எப்பக் கேட்டாங்கன்னு அது எழுதி வச்சிருந்தா?"

டீக் மேசையில் இருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கியதையே கலைத்துத் திரும்பவும் அடுக்கினார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அவர் பயப்படாத ஆள் என்று நம்பித்தான் அவள் இந்த அறைக்குள் வந்திருந்தாள்.

"என் லைசென்ஸ் வெல்டா" என்றார். "முப்பத்தெட்டு வருஷம். உன் வேலை, இர்மா வேலை. ஒரு தேதிக்காக எல்லாத்தையும் கொளுத்தணுமா? நாளைக்குப் பத்து மணிக்குப் பேப்பர் ரெடியா இருக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

வீட்டில் ராய்ஸ் பீன்ஸை அடுப்பில் வைத்து அடிப்பிடிக்க விட்டிருந்தார். பீரங்கிப்படையில் இருபத்திரண்டு வருடம் இருந்ததில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. காது இயந்திரம் உண்டு. ஆனால் சாப்பிடும்போது கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டால் அருவருப்பாக இருக்கிறது என்பார். வெல்டா சோளரொட்டியை வெட்டி வைத்தாள். இனிப்புத் தேநீர் ஊற்றினாள். தானும் உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை.

"என்ன, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு? வினிகரைக் குடிச்சிட்டியா?" என்றார் ராய்ஸ், உரக்க.

அவள் விரலால் அந்த இயந்திரங்களைக் காட்டினாள். காதில் மாட்டு என்று சைகை செய்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் சாப்பாட்டு நடுவில் அவள் அப்படிக் கேட்டது இரண்டு தடவைதான். இரண்டும் சாவுச் செய்தி. ராய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டினார்.

"யாரு?" என்றார்.

"யாரும் இல்ல. நான்தான்."

சொல்லி முடிக்கும்வரை அவர் ரொட்டியைத் தொடவில்லை. முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்றார்.

"அன்னைக்கு ஒன்பது. அதுல ஒருத்தர் பட்டாளத்துல இருந்திருக்கார்."

"அன்னைக்கு ஒன்பது சரி. மத்த நாள்?"

 பத்தொன்பது வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை. எத்தனை இரண்டே கால் மணி. ஒருநாளும் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருந்தது என்றும் நினைவில்லை.

"தெரியல" என்றாள்.

"தெரியலையா, தெரிஞ்சுக்கப் பயமா?"

"ரெண்டும்."

ராய்ஸ் தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு வந்து நின்னப்போ நீதான் வெல்டான்னு சொன்னியா?"

"அவங்க வெளியில போயிருக்காங்கன்னு சொன்னேன்."

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார்.

"ஜெயில்ல போட்டா பீன்ஸ் யார் வேக வைக்கிறது? நான் வச்சா இப்படித்தான் ஆகும்."

"விளையாடாதே ராய்ஸ். எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. கூரைக்கு வாங்கின கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த வயசுல, பொய்ச் சத்தியம் பண்ணினவன்னு பேரோட, எனக்கு யாரு வேலை தருவா?"

"யாரும் தர மாட்டாங்க" என்றார் அவர். ஆறுதல் சொல்வது ராய்ஸுக்கு என்றைக்கும் வந்ததில்லை. "ஆனா நாளைக்கு அந்த வக்கீல் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா இன்னொண்ணு ஆகும். இதுவரைக்கும் அது சோம்பேறித்தனம். நாளையிலேருந்து அது வேற."

ராய்ஸ் வளைகுடாப் போருக்குப் போயிருந்த வருடத்தில், காருக்கான கடன் வட்டியை ஆறு சதவீதத்துக்கு மேல் கேட்க மாட்டோம் என்று வங்கியிலிருந்து வெல்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எதற்கு என்று தெரியாமலே அதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். அதுவும் இதே சட்டம்தான் என்று டீக் அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதை இப்போது ராய்ஸிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. அவர் காதைக் கழற்றி வைத்துவிட்டு ஆறிப்போன பீன்ஸை முடித்தார்.

காலையில் ஆறு மணிக்கே எழுந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடித்தாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. தான் யார், என்ன செய்தாள், ஏன் செய்தாள், ஒன்பது பேரின் பெயர்கள், புதிதாக எடுத்த ஒன்பது சான்றுகள். மற்ற நாட்களைப் பற்றி, 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதினாள். அந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்து மூன்று முறை திரும்ப அடித்தாள். கடைசியில் சிறை பற்றிய வரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். வீட்டுக் கணினியில் அதற்குப் பொத்தான் இல்லை.

முத்திரைக்கு இர்மாவிடம் போக முடியாது. எட்டு மணிக்கு வண்டி நம்பர் பலகை தருகிற கடைக்குப் போனாள். அங்கே ஐந்து டாலருக்கு நோட்டரி கிடைக்கும். அவளுக்கு முன்னால் பழைய டிராக்டருக்குப் பெயர் மாற்ற வந்த ஒரு கிழவரும், தலைமுடி ஒட்ட வெட்டிய இரண்டு சிப்பாய்களும் நின்றார்கள். அந்தச் சிப்பாய்களின் முதுகைப் பார்க்க முடியாமல் அவள் சுவரில் இருந்த விலைப் பட்டியலைப் படித்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். படிக்கவில்லை. சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"வலது கையைத் தூக்குங்க மேடம்."

"தூக்கணுமா?"

"சத்தியம்னா தூக்கித்தானே ஆகணும்? எழுதினதெல்லாம் உண்மைன்னு வாயால சொல்லணும். எங்க முதலாளியம்மா அதுல ரொம்பக் கண்டிப்பு."

ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டவள் ஒருமுறைகூடக் கையைத் தூக்கியதில்லை. இர்மா வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்துவாள். வெல்டா கையைத் தூக்கினாள். காதுக்கு நேராக அது ஆடியது. பின்னால் வரிசையில் பேச்சு நின்ற மாதிரி இருந்தது.

"உண்மை" என்றாள்.

"குளிருதா மேடம்? ஏசியைக் குறைக்கச் சொல்லவா?"

வண்டியில் வந்து உட்கார்ந்து டெஸ்ஸாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க அடிக்க, எடுக்க வேண்டாம் என்று மனதுக்குள் கெஞ்சினாள். எடுத்துவிட்டாள்.

"நான் வெல்டா ஸ்ட்ரிக்லின். நேத்து நீங்க வந்தப்போ மஞ்சள் கையுறை போட்டுக்கிட்டு நின்னேனே, அது நான்தான்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும் மேடம். உங்க கழுத்துல கோர்ட் அட்டை தொங்கிச்சு. பேர் இவ்வளவு பெருசா போட்டிருந்துச்சு."

வெல்டாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அட்டை அங்கேதான் இருந்தது.

"அப்ப ஏன் கேக்கல?"

"என்ன கேக்கறது? நீங்க என்னைவிட பயந்து போய் நின்னீங்க." டெஸ்ஸா குழந்தையை அதட்டிவிட்டு வந்தாள். "அதை விடுங்க. என் காசு எப்ப வரும்?"

"கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கப் போறேன். நீதிபதி பாத்துட்டு ரத்துப் பண்ணணும். எத்தனை நாள்னு எனக்குத் தெரியல கண்ணு."

"தெரியலையா? சரி, வைங்க. திங்கட்கிழமைக்குள்ள வாடகைக்கு யார்கிட்டயாவது கேக்கணும்."

கோர்ட்டில் ஒன்பது மணிக்கு அன்றாட மனுக்களின் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வெல்டாவின் வேலைதான். கட்டில் என்ன இருக்கிறது என்று டீக் பார்த்ததில்லை. கவுண்டர் ஆளும் பார்த்ததில்லை. பதினாலு தாளுக்கு நடுவில் தன் தாளை வைத்தாள். அவன் டக் டக்கென்று நேர முத்திரை குத்திக்கொண்டே போனான். அவள் தாளும் அதே வேகத்தில் வந்தது, அதே வேகத்தில் போனது.

"அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றாள்.

"எதுக்கு? நீங்க கொண்டுவந்தா சரியாத்தான் இருக்கும்."

"இல்ல. அது நீதிபதி மேசைக்குப் போகணும். இப்பவே. கோல்பி வார்டன் வழக்கு."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் தாளைப் பார்த்தான். இரண்டாவது வரியில் அவன் கண் நின்றது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். முத்திரை குத்திய நகல் அவள் கையில் இருந்தது. வாசற்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

பத்து மணிக்கு டீக்கின் அறைக்குள் போனாள். மேசையில் அவர் சொன்ன பேப்பர் தயாராக இருந்தது. மேலே ஒரு பேனாவும் வைத்திருந்தார்.

"வந்தியா? படிச்சுக்கூடப் பாக்க வேண்டாம். கீழ கையெழுத்துப் போடு."

அவள் தன் நகலை அந்தப் பேப்பருக்கு மேல் வைத்தாள். அவர் முதலில் முத்திரையைப் பார்த்தார். ஒன்பது பதினேழு. பிறகு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். கோட்டைப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. வெல்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது பேர் பேரையும் எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"என் பேரு?"

"நீங்க நேத்துச் சொன்னதை எழுதல. நான் செஞ்சதை மட்டும்தான் எழுதினேன்."

"நான் சொன்னதையும் எழுதியிருக்கலாம்" என்றார் டீக். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது. "உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா வெல்டா? எனக்குத் தெரியல. முப்பத்தெட்டு வருஷமா இந்தச் சட்டத்தோட குடித்தனம் பண்றேன். என்ன பண்ணுவாங்கன்னு நிஜமாவே எனக்குத் தெரியல."

நகலுக்கு அடியில் கிடந்த தன் பேப்பரை உருவி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவைத் தட்டாமலே இர்மா தலையை நீட்டினாள். கிண்டல் செய்கிற முகம் இல்லை. "நீதிபதி ஆபீஸ்லேருந்து ஃபோன். உங்களை உடனே வரச் சொல்றாங்க."

"என்னையுமா?" என்றாள் வெல்டா.

"வக்கீலை மட்டும்தான் சொன்னாங்க. உன்னை எங்கேயும் போக வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

டீக் எழுந்தார். கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கைக்கு வழி கிடைக்காமல் தடுமாறினார். வெல்டா பழக்கத்தில் போய்ப் பிடித்துக் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் வைத்த நகலை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார்.

"சார்" என்றாள். "திங்கட்கிழமை நான் வேலைக்கு வரணுமா?"

"அதுவும் எனக்குத் தெரியல" என்றார் அவர், கதவின் குமிழில் கையை வைத்தபடி.  பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.